அடுத்தவர் அணிக்கு மேலாளர்

ஐஸ் ஹாக்கி ஆடும் ஊர்களில் மழைக்காலக் காளான் மாதிரி முளைக்கும் ஒரு மனித இனத்தை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கிறேன். சம்பளமில்லாத மேலாளர் என்று பெயர். இவருக்குச் சொந்தமாக அணி கிடையாது. ஸ்கேட் கட்டி ஐஸில் இறங்கி இருபது வருஷம் இருக்கும். இறங்கிய காலத்திலும் நின்றதைவிட விழுந்ததுதான் அதிகம். ஆனால் எந்த ஆட்டக்காரனை எத்தனை வருஷத்துக்கு ஒப்பந்தம் செய்யலாம், எவனுக்குக் கொடுக்கிற சம்பளம் தண்டம், எவனைக் கழற்றிவிட்டு எவனை வாங்கினால் அணியின் சம்பள உச்சவரம்புக்குள் கணக்கு அடங்கும், எல்லாம் இவருக்கு விரல் நுனியில். சம்பளம் வாங்குகிற மேலாளர் ஒரு முட்டாள் என்பதும் தெரியும். அதுதான் முதலில் தெரியும்.

எங்கள் ஊர் கார்ஸ்லியில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, லோர்ன் டிமிட்ரூக். கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில், கோதுமை வயல்களுக்கு நடுவே இரண்டாயிரம் பேர் வாழும் ஊர் இது. இங்குள்ள ஐஸ் அரங்கத்தின் கேன்டீனைப் பத்தொன்பது வருஷமாக நான்தான் நடத்துகிறேன். டிராக்டர் உதிரிபாகக் கடையில் கவுன்ட்டரில் நிற்கும் லோர்ன், வேலைக்குப் போகும் முன் தினமும் என்னிடம் வருவார். ஒரு காபி, ஒரு தட்டு வறுத்த உருளைக்கிழங்கு, நாலு காகிதக் கைத்துடைப்பான். வாயைத் துடைக்க ஒன்று போதும். மற்ற மூன்றும் அணி நிர்வாகத்துக்கு.

அதில் கோடு போட்டு, நகரத்துப் பெரிய அணியின் இருபத்துமூன்று பேரையும் எழுதி, பக்கத்தில் மில்லியன் மில்லியனாகச் சம்பளத்தை எழுதி, பேனாவால் ஒவ்வொருவர் தலையாகச் சீவித் தள்ள ஆரம்பிப்பார்.

"முப்பத்திமூணு வயசு. முட்டியில ரெண்டு ஆபரேஷன். இவனுக்கு ஆறு வருஷ ஒப்பந்தமா? தூக்கு இவனை!"

"அவன் அங்க வீடு வாங்கிட்டான்னு பேப்பர்ல போட்டிருந்தான். மூணு பிள்ளைங்க வேற" என்பேன் நான்.

"அதெல்லாம் பாத்தா அணி நடத்த முடியுமா நோரீன்? மனசைப் பூட்டி வெச்சுட்டுத்தான் பேனாவையே எடுக்கணும். எண் பேசணும்மா, எண்!"

அவர் வாயில் ஆட்டக்காரர்கள் மனிதர்களாக வந்து நான் கேட்டதில்லை. நன்றாக ஆடுகிறவன் 'சொத்து'. காயம்பட்டவன் 'சுமை'. முப்பதைத் தாண்டியவன் 'இடத்தை அடைக்கிறவன்'. அணி வென்றால் "நாம ஜெயிச்சோம்", தோற்றால் "அவனுங்க தோத்துட்டானுங்க". ஒருமுறை அந்தப் பெரிய அணியின் மேலாளருக்கே பதினொரு பக்கத்தில் கடிதம் எழுதினார். பதிலுக்கு அணிச் சின்னம் பொறித்த ஓர் ஒட்டுவில்லையும், சீசன் டிக்கெட் வாங்கச் சொல்லும் விளம்பரத் தாளும் வந்தன. "பாத்தியா, பதில் போட்டுட்டான்" என்று ஒட்டுவில்லையைத் தன் டிரக்கில் ஒட்டிக்கொண்டார்.

இப்படிப்பட்டவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. அவர்கள் கையில் நிஜமாகவே ஓர் அணியைக் கொடுக்காதவரை.

நாங்கள் கொடுத்தோம்.

கார்ஸ்லி பேட்ஜர்ஸ் என்று எங்கள் ஊருக்கு ஓர் அணி உண்டு. சுற்றுவட்டாரத்து ஏழு ஊர்கள் ஆடும் போட்டி. ஆடுகிறவர்கள் எல்லாரும் பகலில் வேறு வேலை பார்ப்பவர்கள். ஆட்டத்துக்கென்று சீசனுக்கு ஆயிரம், இரண்டாயிரம் டாலர் கிடைக்கும். பொட்டாஷ் உரச் சுரங்கம் வைத்திருக்கும் ஓர் ஊர் காசை இறைத்து, பழைய தொழில்முறை ஆட்டக்காரர்களை வாங்கி வருஷா வருஷம் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனதால், எந்த அணியும் மொத்தச் சம்பளமாக நாற்பதாயிரம் டாலருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த வருஷம் எங்கள் மேலாளர் பேரப்பிள்ளைகளைப் பார்க்க மேற்கே குடிபெயர்ந்துவிட்டார். ஐந்து பேர் கொண்ட அணிக் குழு கூடியது. உச்சவரம்பு பற்றி ஊரில் விடாமல் பேசும் ஒரே மனிதர் யார்? கேள்வியே தேவையில்லை.

மறுநாள் லோர்ன் கேன்டீனுக்கு டை கட்டிக்கொண்டு வந்தார். உருளைக்கிழங்கைக்கூட முள்கரண்டியால் தின்றார்.

முதல் காரியமாக, டேன் ஆர்சனோ என்ற இருபத்துநாலு வயது முன்வரிசை ஆட்டக்காரனைச் சஸ்கட்டூன் நகரத்திலிருந்து பன்னிரண்டாயிரம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். ஊரே கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்ததும் கூட்டிப் பார்த்தால், உச்சவரம்புக்கு மேலே மூவாயிரம் போயிருந்தது. யாரையாவது கழற்ற வேண்டும். சரியாக மூவாயிரம் வாங்குகிறவன் அணியில் ஒருவன்தான். முப்பத்தெட்டு வயது. இடது முட்டி பழுது. போன சீசனில் அவன் களத்தில் நின்ற நேரத்தில் நாங்கள் அடித்த கோலைவிட வாங்கிய கோல் பத்தொன்பது அதிகம். எண் பேசியது. பேசியது என்ன, கத்தியது.

அவன் பெயர் ரஸ். அணித் தலைவன். நகராட்சியில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். லோர்னின் மனைவி டார்லீனுக்கு உடன்பிறந்த தம்பி.

"உறவு வேற, அணி வேற" என்று என்னிடம் சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் ரஸ்ஸின் வீட்டுக்குப் போனார் லோர்ன். அங்கே நடந்ததை ரஸ்ஸின் மனைவி எனக்கு வரி விடாமல் சொன்னாள். போனதும் பெரோகி, அதாவது உருளைக்கிழங்கு அடைத்த கொழுக்கட்டை, வைத்தார்கள், வெங்காயம் வதக்கிப் போட்டு, புளித்த க்ரீமோடு. பன்னிரண்டு தின்றார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"மாப்ளே, அணி இப்ப ஒரு புது வழியில போகுது..."

"போகட்டும் அத்தான். நல்லதுதானே."

"இளம் ரத்தம் வேணும்னு குழுவில சொல்றாங்க."

"அதுக்குத்தான் அந்தச் சஸ்கட்டூன் பையனைப் புடிச்சுட்டீங்களே! அக்கா சொல்லிச்சு. பிரமாதம்."

"அதான்... இளசுங்களுக்கு நடுவுல பெரியவன்னு ஒருத்தன்..."

இதைச் சொன்னபோது அவர் மனதில் 'தேவையில்லை' என்ற சொல்தான் இருந்ததாம், சத்தியம் செய்கிறார். வாயில் வந்தது 'வேணும்'. வந்த சொல்லை விழுங்க முடியாமல், அதற்குக் கைகால் வைத்து, வழிகாட்டி என்றும் தூண் என்றும் வளர்த்து, கடைசியில் வீட்டை விட்டு வெளியே வரும்போது ரஸ்ஸுக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம், ஐந்நூறு டாலர் சம்பள உயர்வு, எந்த ஊர் அணிக்கும் அவனை மாற்றக் கூடாது என்ற நிபந்தனை, மூன்றும் கொடுத்துவிட்டு வந்திருந்தார். கழற்றிவிடப் போனவர்!

இப்போது கூடுதல் மூவாயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து ஐந்நூறு வாங்கிய ஒருவன் பக்கத்து மாகாணமான ஆல்பர்ட்டாவில் வேலை கிடைத்துத் தானாகவே கிளம்பினான். பாக்கி இரண்டாயிரம். அந்தச் சம்பளத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவன் குழுத் தலைவரின் மகன். ஒருவனுடைய அப்பா அரங்கத்துக்குக் குளிரூட்டும் இயந்திரம் வாங்கிக் கொடுத்தவர். ஒருவன் ஊரின் ஒரே பல் மருத்துவருக்குக் கணவன். ஒருவனுக்குக் கோபம் வந்தால் கதவை உடைப்பான். ஐந்தாவது ஜோமார் வில்யாருவேல்.

ஜோமாருக்கு இருபத்தாறு வயது. ஆறு வயதில் பிலிப்பைன்ஸிலிருந்து அம்மாவோடு வந்தவன். கூட்டுறவு அங்காடியில் ரொட்டி சுடுகிறான். போன சீசனில் பதினொரு கோல். வாங்கிய டாலருக்கு அடித்த கோல் என்று கணக்குப் போட்டால், ஏழு ஊர் அணிகளிலும் அவன்தான் முதல். லோர்னே என் கைத்துடைப்பானில் அப்படி எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார். ஆனால் அவனுக்குக் குழுவில் ஆள் கிடையாது. கதவை உடைக்கும் பழக்கமும் கிடையாது.

ஜோமார் பெயர் இல்லாத பட்டியல் குழுவின் முன் வந்தது. "எல்லாருக்கும் சம்மதமா?" என்று கேட்டார்கள். ஐந்து கைகள் உயர்ந்தன. அதில் ஒன்று என் கை. குழுவில் நானும் இருக்கிறேன் என்பதை இதுவரை சொல்லாமல் விட்டதற்கு மன்னிக்கவும். சொல்ல வசதியான இடம் வரவில்லை.

அவனிடம் யார் சொல்வது? குழுத் தலைவர் சொல்வார் என்று லோர்ன் நினைத்தார், லோர்ன் சொல்வார் என்று தலைவர். முதல் பயிற்சி நாளில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு உடைமாற்றும் அறைக்குள் போன ஜோமார், இரண்டு நிமிஷத்தில் திரும்பி என் கவுன்ட்டருக்கு வந்தான்.

"நோரீனக்கா, என் இடத்துல வேற யாரோ பேரு ஒட்டியிருக்காங்க. இடம் மாத்திட்டாங்களா?"

நான் காபி இயந்திரத்தைத் துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த இயந்திரம்.

"ஜோமார்... பட்டியல்ல உன் பேரு இல்லப்பா."

அவன் பையைக் கீழே வைத்தான். மறுபடி எடுத்தான். "சரிக்கா" என்றான். அப்புறம் இன்னொரு தடவை, "சரி."

மறுநாள் நேராக உதிரிபாகக் கடைக்குப் போனான். எண்ணெய் வடிகட்டி வாங்க நாலு விவசாயிகள் நின்றிருந்தார்கள்; அன்று மத்தியானத்துக்குள் விஷயம் ஊர் முழுக்கப் போனது அவர்களால்தான்.

"லோர்ன் அண்ணே, எண் பேசணும்னு நீங்கதானே எப்பவும் சொல்வீங்க? என் எண் என்ன சொல்லிச்சு?"

லோர்ன் விலைப்பட்டியல் புத்தகத்தைப் புரட்டினார். "அது வந்து... எண்ணு மட்டும் இல்லப்பா. அனுபவம்னு ஒண்ணு இருக்கு. அணிக்குள்ள ஒரு சூழல்... உனக்குச் சொன்னா புரியாது."

"சொல்லிப் பாருங்களேன்."

லோர்ன் இன்னொரு பக்கம் புரட்டினார். ஒரு விவசாயி இருமினார். ஜோமார், "போன்ல கூப்ட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். அடுத்த வாரம் பக்கத்து ஊர் பெல்மோரா அணியில் சேர்ந்தான்.

டிசம்பரில் டென்மார்க்கிலிருந்து ஓர் அணி கூப்பிட்டது என்று டேன் ஆர்சனோ விமானம் ஏறிவிட்டான். காயமில்லாமல் பாதியில் போனவன் சம்பளம் உச்சவரம்புக் கணக்கில் சீசன் முடியும்வரை உட்கார்ந்திருக்கும் என்பது எங்கள் போட்டி விதி. இதே மாதிரி விதியை வைத்துத்தான் லோர்ன் எத்தனையோ மேலாளர்களை என் கேன்டீனில் தூக்கில் போட்டிருக்கிறார். ரஸ்ஸோ, முட்டியில் ஐஸ் கட்டிக்கொண்டு ஆடினான். எங்களுக்கு எதிரான இரண்டு ஆட்டங்களில் ஜோமார் ஐந்து கோல் போட்டான். ஒவ்வொரு கோலுக்கும் எங்கள் ஊர்க்காரர்களே கைதட்டினார்கள். கையில் கையுறை இருந்ததால் சத்தம் வரவில்லை, அவ்வளவுதான்.

ஜனவரியில் ஒரு மத்தியானம் ரஸ் நொண்டிக்கொண்டே கேன்டீனுக்குள் வந்து லோர்னுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"அத்தான், எனக்கு எடம் குடுக்கத்தான் அந்த ரொட்டிக்காரப் பையனைத் தூக்கினீங்களா? இப்பத்தான் தெரிஞ்சுது."

"உனக்காகன்னு இல்ல மாப்ளே..."

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தீங்களே, 'இந்த வருஷம் நான் ஆடல'ன்னு சொல்லத்தான் நானே உக்காந்திருந்தேன்! டாக்டர் ஆகஸ்ட்லயே நிறுத்தச் சொல்லிட்டாரு. நீங்க தூணு கீணுன்னு பேசினீங்க. சரி, மனுஷனுக்கு முதல் வருஷம், நாம போயிட்டா கஷ்டப்படுவாரேன்னு பல்லைக் கடிச்சுட்டு ஆடிட்டிருக்கேன்."

லோர்ன் உருளைக்கிழங்குத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

"அதை யாரு யார்கிட்டக் கேக்கறது!" என்றான் ரஸ்.

அன்று மாலையே லோர்ன் ஜோமாரின் வீட்டுக்குப் போனார். இதை அவர் கணக்கில் வரவு வைத்தே ஆக வேண்டும். டாக்டர் சீட்டைக் காட்டி ரஸ் விலகிக்கொள்வான், அந்தக் காசு முழுவதும் உனக்கு, திரும்பி வந்துவிடு என்று கேட்டார். ஜோமார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, பெல்மோராவில் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாகச் சொன்னான். பேச்சு முடிந்தது. எழுந்தவரை அவன் அம்மா விடவில்லை. இந்தக் குளிரில் வெறும் வயிற்றோடு போவதா என்று சேமியா மாதிரி ஏதோ ஒன்றைத் தட்டு நிறையப் போட்டு, தின்று முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

"அந்தம்மாவுக்கு எல்லாம் தெரியும் நோரீன்" என்றார் என்னிடம். "தெரிஞ்சுதான் போட்டாங்க. இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமான்னு வேற கேட்டாங்க." முகம் சிவந்திருந்தது. அவரை அப்படி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

ஏழு அணிகளில் ஆறாவதாக வந்தோம். லோர்ன் அரைப் பக்கத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்தார். குழு ஏற்றுக்கொண்டது. ஐந்து கைகள், அதே வேகத்தில். இரண்டு வாரம் அவர் கேன்டீன் பக்கம் வரவில்லை. மூன்றாம் வாரம் வந்தார், காபி வாங்கினார், பெரிய அணி தன் பழைய கோல்காப்பாளனுக்கு மறுபடி ஒப்பந்தம் கொடுத்துவிட்டது என்று கேள்விப்பட்டார், பேனாவைத் தேடினார். திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான்.

இவரைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். சிரிக்கத்தானே எழுதினேன். உங்களுக்கும் ஹாக்கிக்கும் என்ன சம்பந்தம், ஐஸை நீங்கள் பழரசத்தில் பார்த்ததோடு சரி. ஆனால் போன கல்யாணத்துக்கு அழைப்பிதழ்ப் பட்டியல் போட்டீர்களே, மண்டபத்தில் இடம் பத்தாது என்று கடைசியில் சில பெயர்களை அடித்தீர்களே. சண்டைக்கு வருகிற சித்தப்பாவையா அடித்தீர்கள்? அலுவலகத்தில் ஒருவரைக் குறைக்க வேண்டும் என்று வந்தபோது, முதலாளியின் ஒன்றுவிட்ட தம்பியையா குறைத்தீர்கள்? யார் "சரி" என்று சொல்லிவிட்டுப் போவாரோ, அவரைத்தானே?

பதில் எனக்கு வேண்டாம். அவருக்குப் போன் செய்தாவது சொன்னீர்களா?