பிஸ்கட் தொலையவே இல்லை, அக்கா

டிடிகவேகா, ராரோடோங்கா தீவு
செவ்வாய்க்கிழமை, சாயங்காலம்

அன்பும் அதட்டலும் சம அளவில் வாய்த்த அக்கா மொரீனுக்கு, தம்பி டெஸ்மண்ட் எழுதுவது. இங்கே நான் நலம், தென்னைமரங்கள் நலம், நாய் பிஸ்கட் பரம நலம். அங்கே உன் முழங்காலும் ரோஜாச் செடிகளும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆசை. மேலே சொன்ன மூன்று நலங்களில் கடைசி நலத்தை நீ நம்ப வேண்டும் என்பதற்காகத்தான் மீதிக் கடிதம் முழுவதும்.

இன்று காலை பஸ்ஸிலிருந்து உனக்குப் போன் செய்து, பிஸ்கட்டைக் காணோம் என்று நான் அழுததை நீ தயவுசெய்து மறந்துவிட வேண்டும். சனிக்கிழமை விமானத்தில் வருகிறேன், நாய்க்கூண்டும் கொண்டுவருகிறேன் என்று நீ சொன்னது வரை காதில் விழுந்தது. அதோடு போன் செத்துவிட்டது. இப்போது சார்ஜ் ஏறிவிட்டது, ஆனாலும் நான் கூப்பிடப் போவதில்லை. போனில் நீ என்னைப் பேச விடமாட்டாய், கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. பக்கத்து வீட்டு டூயைனின் அக்கா மகள் நியூசிலாந்தில் உங்கள் ஊர் டைமாரு ஆஸ்பத்திரியில்தான் நர்ஸ். லீவு முடிந்து நாளை விமானம் ஏறுகிறாள், இதை உன் கையிலேயே தருவாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள், மூக்குக்கண்ணாடி இல்லாமல் எழுதுகிறேன். அது எங்கே போனது என்பது கீழே வரும்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் நீ வாங்கிக்கொண்ட சத்தியம் எனக்கு நினைவிருக்கிறது. உன் சமையலறையில் பிறந்த குட்டி, ஒரே ஒரு முறை தொலைத்தாலும் அவன் திரும்ப உன்னிடமே. ஒப்புக்கொண்டேன். தெருவில் திரிந்த நாய்களைப் பிடித்து வண்டியில் ஏற்றி, சொந்தக்காரர்களுக்கு அபராதம் எழுதுவதையே முப்பத்தொரு வருடம் உத்தியோகமாகச் செய்தவனுக்குத் தன் நாயைக் காப்பாற்றத் தெரியாதா? தோலுக்கு அடியில் அடையாளச் சில்லு வைத்தேன். கழுத்துப்பட்டையில் பெயரும் போன் நம்பரும் பொறித்தேன். அவன் எங்கே நிற்கிறான் என்று போனில் புள்ளியாகக் காட்டும் கருவி ஒன்றை ஆக்லாந்திலிருந்து வரவழைத்து அதே பட்டையில் மாட்டினேன். ஆளுயரத்துக்கு வேலி போட்டு, கதவில் மூன்று தாழ்ப்பாள் வைத்தேன். இந்த ஊரிலேயே நாய்க்கு வேலி போட்ட ஒரே ஆள் நான்தான். வேலி எழும்பிய அன்று டூயைன் அந்தப் பக்கம் நின்று வெகுநேரம் பார்த்தாள்.

"என்ன குத்தம் பண்ணான்ணே அவன்? எத்தன வருஷம் போட்டிருக்கீங்க?"

"தொலைஞ்சு போயிடக் கூடாதும்மா."

"தொலையறதா? இங்க இருக்கறது ஒரே ரோடு. அதுவும் வட்டம். நேரா நடந்துகிட்டே இருந்தா வீட்டுக்குத்தான் வந்து சேரணும். தொலையணும்னு ஒருத்தன் ஆசப்பட்டாக்கூட முடியாதுண்ணே."

இவர்களுடைய நாய்களெல்லாம் அப்படித்தான். காலையில் ஒரு வீட்டில் தின்னும், மத்தியானம் கடற்கரையில் வெள்ளைக்காரர் யாரோடாவது படுத்துக்கிடக்கும், ராத்திரி எந்த வீட்டுக்கு மனசு போகிறதோ அங்கே தூங்கும். அபராதச் சீட்டு கையில் இருந்திருந்தால் ஒரே வாரத்தில் ஊரையே திவாலாக்கியிருப்பேன்.

இன்று காலை எட்டு மணிக்குக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் மூன்று தாழ்ப்பாளும் திறந்திருக்கின்றன, நாயைக் காணோம். ஒரு காலில் செருப்போடு ரோட்டுக்கு ஓடி, ஒரு மணி நேரம் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் கேட்டேன், அத்தனை பேரும் பார்த்திருக்கிறார்கள். "இப்பத்தானே மீன் தின்னுட்டுப் போனான்" என்றார் கடைக்காரர். "நம்ம பாட்டு ஒத்திகைல உக்காந்திருந்தான், நல்லா குரல் குடுத்தான்" என்றாள் தேவாலயத்திலிருந்து வந்த ஓர் அம்மாள். எந்தப் பக்கம் போனான் என்று கேட்டால் மட்டும் இரண்டு பக்கமும் கை காட்டுகிறார்கள். அப்போதுதான் கருவி ஞாபகம் வந்து போனைப் பார்த்தேன். பிஸ்கட்டின் புள்ளி தீவை வலமாகச் சுற்றி வேகமாக நகர்கிறது. அவனால் அந்த வேகத்தில் ஓட முடியாது, யாரோ கடத்துகிறார்கள் என்று முடிவு செய்தேன். நல்ல வேளையாக அந்த நிமிடமே வலச்சுற்று பஸ் வந்து நின்றது, தாவி ஏறினேன்.

உனக்குத்தான் தெரியுமே, இங்கே இரண்டே பஸ். ஒன்று தீவை வலமாகச் சுற்றும், இன்னொன்று இடமாகச் சுற்றும். நான் ஏறியதும் போனைப் பார்க்கிறேன், புள்ளி எனக்கு இரண்டு கெஜம் முன்னால். பஸ் நின்றால் புள்ளி நிற்கிறது, பஸ் போனால் புள்ளி போகிறது. அக்கா, முப்பத்தொரு வருட அனுபவத்தில் நான் ஒரே முடிவுக்குத்தான் வந்தேன்: நாய் பஸ்ஸுக்குள் இருக்கிறது. எல்லாரையும் காலைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார்கள். சந்தைக்குப் போகிற பெண்களின் கூடையைத் திறந்து காட்டச் சொன்னேன், காட்டினார்கள். ஒருத்தி தவழ்ந்துகொண்டிருந்த எனக்கு வாழைப்பழம் உரித்துத் தந்தாள், தலையில் ஒரு பூவளையத்தையும் வைத்துவிட்டாள். இதற்கிடையில் எதிரே வந்த இடச்சுற்று பஸ் ஹார்ன் அடித்துப் போனது. நான் சீட்டுக்கு அடியில் இருந்ததால் பார்க்கவில்லை. கண்ணாடி கழன்று எங்கோ விழுந்ததும் அங்கேதான். இரண்டாவது சுற்றில் அந்த பஸ் மறுபடி எதிரே வந்தபோது, வண்டிக்குள் இருந்தவர்கள் எல்லாரும் எங்களைப் பார்த்துக் கையாட்டினார்கள். முன் சீட்டில் பழுப்பு முடிக்காரர் ஒருவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காற்று வாங்கியபடி என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. முகம் தெரியவில்லை. நானும் மரியாதைக்குக் கையாட்டி வைத்தேன். அந்த நேரத்தில்தான் மனசு உடைந்து உனக்குப் போன் செய்தேன். என் வீட்டுக்காரி ரீட்டா கண்மூடிய பிறகு இந்த வீட்டில் என்னிடம் கோபித்துக்கொள்ள அவன் ஒருத்தன்தான் இருக்கிறான் அக்கா, நான் வேறு யாரிடம் போய் அழுவேன்.

இரண்டு சுற்றும் முடிந்து, என் வாசலிலேயே பஸ் நின்றபோது டிரைவர் தேகோடாய் என்னைக் கூப்பிட்டான்.

"பெரியவரே, ஒரு நிமிஷம். டூயைன் அம்மா காலையில இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க." கையில் பிஸ்கட்டின் கழுத்துப்பட்டை, கருவியோடு. "புள்ளைக்குக் கழுத்து வலிக்குதுன்னு கழட்டினாங்களாம். நீங்க அப்போ குளிச்சிட்டு இருந்தீங்களாம்."

"நான் ரெண்டு மணி நேரமா உன் வண்டியிலதானேப்பா இருக்கேன்?"

"எதையோ மும்முரமா தேடிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு விட்டுட்டேன்."

அவனைத் திட்டுவதற்குள், வாசலில் பழுப்பாக ஒன்று வாலாட்டிக்கொண்டு நிற்பது மங்கலாகத் தெரிந்தது. கட்டிப்பிடித்து அழுதேன். உள்ளே கொண்டுபோய் மூன்று தாழ்ப்பாளும் போட்டேன். அலைச்சலில் பாவம், இளைத்துவிட்டான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, பயந்துபோயிருக்கிறான். வழக்கமாகத் தொடவே தொடாத சேப்பங்கிழங்கை ஒரு தட்டு காலி செய்தான், அவ்வளவு பசி. இப்போது என் காலடியில் படுத்துக் குறட்டை விடுகிறான். ஆகவே சட்டப்படி பார்த்தால் அவன் தொலையவே இல்லை, கொஞ்ச நேரம் வெளியே போயிருந்தான், அவ்வளவுதான். சனிக்கிழமை டிக்கெட்டை ரத்து செய்துவிடு. கூண்டைக் கோழிக்கு வைத்துக்கொள்.

கடவுள் உனக்கு நீண்ட ஆயுளும், என்னிடம் மட்டுமாவது கொஞ்சம் பொறுமையும் தரட்டும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என் அன்பு, எத்தனையோ முறை நான் பிடித்து வண்டியில் ஏற்றிய பால்காரரின் கிழட்டு நாயிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

என்றும் உன் சொல் தட்டாத,
தம்பி டெஸ்மண்ட்

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் டூயைன் வந்தாள். தேகோடாய் வண்டியைப் பெருக்கும்போது கிடைத்ததாம், என் கண்ணாடி. போட்டுக்கொண்டு கீழே பார்த்தேன். நம் பிஸ்கட்டுக்கு ஒரு முன்னங்கால் வெள்ளை. காலடியில் கிடப்பவனுக்கு நாலு காலும் பழுப்பு, காது ஒன்றரை.

"அட, எங்க டுடு இங்கயா இருக்கான்?" என்றாள் டூயைன்.

"அப்போ என் பிஸ்கட் எங்கேம்மா?"

"இந்நேரம் பஸ்லதான் இருப்பான். இடச்சுத்து. தெனம் ஏறுவானே, நீங்க மத்தியானம் தூங்கப் போனதும். நாந்தான் தாழ்ப்பாளத் திறந்து விடுவேன். இன்னிக்கு என்னமோ காலையிலயே போகணும்னு கதவுகிட்ட நின்னான். உங்களக்கூடப் பாத்தானாமே, ரெண்டாவது வாட்டி நீங்க கை காட்டினீங்கன்னு அந்த வண்டி டிரைவர் சொன்னான்."

அந்தப் பழுப்பு முடிக்காரர், அக்கா.

ஆகவே மேலே எழுதியதில் ஒரு வரியையும் நம்பாதே. கணக்குப்படி நான் அவனைத் தினமும் தொலைத்திருக்கிறேன், தினமும் எனக்குத் தெரியாமலே அவன் திரும்பி வந்திருக்கிறான். நீ சனிக்கிழமை வந்துதான் ஆக வேண்டும், ஆனால் கூண்டு வேண்டாம். நீ ஊர் சுற்றிப் பார்க்க ஒரு துணை வேண்டாமா, முன் சீட்டுக்குப் பக்கத்து சீட்டை அவனிடம் சொல்லி வைக்கிறேன். இடச்சுற்று பஸ்ஸின் சத்தம் கேட்கிறது. மூன்று தாழ்ப்பாளையும் கழற்றிவிட்டு வாசலுக்குப் போகிறேன்.