ஷெட்டுக்குள் போன கிழங்கு

சின்னவன் தன் குட்டிப் பிளாஸ்டிக் இருக்கையில் அரசன் மாதிரி உட்கார்ந்திருந்தான். எதிரே குளியலறைத் தரையில் அவன் அப்பா சப்பணம் போட்டு உட்கார்ந்து, மூச்சை அடக்கி, முகம் சிவக்க முக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இப்படி. ம்ம்ம்... பார்த்தியா? இப்ப நீ."

"அப்பா நல்லாப் பண்ற" என்று பாராட்டினான் சின்னவன். "இன்னொரு வாட்டி."

இன்னொரு வாட்டியும் ஆயிற்று. கைதட்டல் கிடைத்தது. வேறொன்றும் கிடைக்கவில்லை.

அப்பாவுக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் வைத்த காலை அவர் எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. பழக வருகிறவர்கள் அவருக்கு ‘பிரேக் சார்’ என்று பேர் வைத்திருந்தார்கள். அது அவர் காதிலும் விழுந்திருந்தது. பட்டம் கிடைத்த மாதிரி சந்தோஷப்பட்டுக்கொண்டார்.

மனைவி அலுவலகப் பயிற்சிக்காக ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றைத்தான்.

"சின்னவனுக்கு மறுபடியும் வயிறு சரியில்லைங்க. போறதுக்கு ரொம்பக் கஷ்டப்படறான். மருந்தெல்லாம் வேணாம், சாப்பாட்டுலயே சரி பண்ணணும். தினமும் போன்ல சொல்றேன், அதைச் செஞ்சு கொடுங்க, போதும்."

"இதென்ன பெரிய வித்தையா? நீ நிம்மதியாப் போய்ட்டு வா."

"அவன் தனியாச் சாப்பிட மாட்டான். நீங்களும் கூட உட்கார்ந்து சாப்பிடணும்."

"நானா?"

"முடியலைன்னா சொல்லுங்க, அக்காவை வரச் சொல்றேன்."

அக்கா என்றால் மனைவியின் அக்கா. வந்தால் டிவி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள்; அவரையும் மடியில் வைக்காத குறையாகக் கேள்வி கேட்பாள்.

"முடியும், முடியும்" என்றார் பிரேக் சார்.

முதல் நாள் பேரிக்காய். தோல் சீவி, ஆவியில் வேகவைத்து, மசித்துக் கிண்ணத்தில் போட்டார். சின்னவன் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். பிறகு ஒரு விரலை நீட்டி, "அப்பா ஆ" என்றான்.

பிரேக் சாருக்குப் பழம், காய், கீரை எல்லாமே எட்டிக்காய்தான். ரொட்டியும் முட்டையும் வறுத்த கோழியும் இருக்கும்போது மனுஷன் எதற்குத் தழையைத் தின்ன வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனாலும் பெற்ற பிள்ளை. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டி விழுங்கினார்.

சின்னவன் அவர் முகத்தை ஆராய்ந்தான். ஆள் விழவில்லை என்று தெரிந்ததும் நாக்கு நுனியால் ஒரு துளி தொட்டுப் பார்த்தான்.

"அப்பா இன்னொண்ணு."

கிண்ணம் காலியானபோது, அதில் முக்கால் பங்குக்கு மேல் பிரேக் சாருக்குள் இருந்தது.

சாயங்காலம் மனைவி போனில் கேட்டாள். "சாப்பிட்டானா?"

"கிண்ணத்தை வழிச்சு நக்கிட்டான்."

"நீங்க?"

"நானும்தான்."

"போனானா?"

"இன்னும் இல்ல."

"அப்ப அளவு பத்தலை. நாளைக்கு ரெண்டு பழமாப் போடுங்க. காலையில ஓட்ஸ் கஞ்சி. ராத்திரியே ஊறவெச்ச உலர்ந்த திராட்சையை மசிச்சு அதுல சேருங்க. ஊறின தண்ணியைக் கொட்டிடாதீங்க."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்காவின் முகம் கண் முன்னால் வந்து போனது. "சரி" என்றார்.

ஓட்ஸ் கஞ்சி அவர் சட்டையில் கொஞ்சம், சுவரில் கொஞ்சம், மீதி அவர் வயிற்றில் என்று முடிந்தது. திராட்சைத் தண்ணீரைச் சின்னவன் இரண்டு மடக்குக் குடித்துவிட்டு, தம்ளரை இரண்டு கையாலும் ஏந்தி அப்பாவுக்கு உபசாரம் செய்தான். மறுக்க மனம் வரவில்லை. போனில் மறுபடியும், "எல்லாம் உள்ள போயிடுச்சு" என்றார். அது பொய்யும் இல்லை.

"அப்படியும் போகலையா? கூடவே சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கீரை சூப், பப்பாளி. இடையில தயிர். தண்ணி நிறையக் கொடுங்க."

வேலையில் செலவழிக்கிற மூளையை வீட்டிலும் கொஞ்சம் செலவழிப்பதென்று முடிவு செய்தார். வேகவைத்த கிழங்கைக் கத்தியால் சீவிச் சின்னச் சின்னக் கார்களாகச் செய்தார். பட்டாணிச் சக்கரம். முன்னால் கண்ணாடிக்கு ஒரு துண்டு பப்பாளி. தட்டில் அவற்றை வரிசையாக நிறுத்தியபோது சின்னவன் குதித்தான்.

"கார்! கார்!"

"ஆமாடா கண்ணு. கார் எங்க போகும்? ஷெட்டுக்குள்ள போகும். உன் வாய்தான் ஷெட்டு. ஆ காட்டு."

சின்னவன் யோசித்தான். ஒரு காரை எடுத்தான். உறுமிக்கொண்டே மேசைமேல் ஓட்டினான். அப்பாவின் கைமேல் ஏறி, தோள்மேல் திரும்பி, கன்னத்தோரம் ஹாரன் அடித்து நின்றான்.

"அப்பா ஷெட்டு. தொற."

ஒவ்வொரு காராக உள்ளே போய் நின்றது. பின்னால் வந்த கீரை சூப்பைப் பெட்ரோல் என்று சொன்னது பிரேக் சார் செய்த அடுத்த பிசகு. பெட்ரோல் எங்கே போடுவார்கள்? கார் நிற்கிற இடத்தில்தான் போட வேண்டும் என்பதில் சின்னவன் கறாராக இருந்தான்.

மறுநாள் காலை பயிற்சிக் காரில் ஓட்டுநர் இருக்கையில் தையல்கடை அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதுக்குமேல் கார் கற்றுக்கொள்ளத் துணிந்தவர். துணிச்சல் அதோடு தீர்ந்துபோயிருந்தது. ஸ்டியரிங்கை ஊசியில் நூல் கோர்க்கிற கவனத்தோடு பிடித்து, சைக்கிள்கள் முந்திக்கொண்டு போகும் வேகத்தில் ஓட்டுவார். இருவருக்கும் அந்த வேகம் ஒத்துப்போயிருந்தது.

"சார், என்ஜின்ல ஏதோ சத்தம் வருது."

"என்ஜின் இல்லம்மா."

"இல்ல சார், கடமுடன்னு..."

"அம்மா, கொஞ்சம் வேகமாப் போங்க."

தையல்கடை அம்மா சாலையை மறந்து அவரைத் திரும்பிப் பார்த்தார். "நீங்களா சார் சொல்றீங்க?"

"முன்னாடி பாருங்க! மூணாவது கியர்."

"நான் ரெண்டாவதையே இன்னும் சரியா..."

"நாலாவது போடுங்கம்மா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

வாழ்நாளிலேயே முதல்முறையாகப் பிரேக் சாரின் கால் பிரேக்கைவிட்டு எழுந்தது. இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்து, கண்களை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டார். கார் பறந்தது. பெட்ரோல் பங்கின் கழிப்பறைக்கு முன் போய் நின்றது. கதவில் பூட்டுத் தொங்கியது. சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருந்தார்.

பூட்டைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்ததும் தையல்கடை அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"ஏறுங்க சார். என் கடை பக்கத்துலதான்."

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் பிரேக் சாருக்குச் சரியாக ஞாபகமில்லை. சந்து ஒன்றில் லாரிக்கும் சுவருக்கும் நடுவே கார் வழுக்கிக்கொண்டு போனது. கடைவாசலில் ஒரே முயற்சியில் பின்பக்கமாகத் திரும்பி நின்றது. ஒரு மாதமாக அவர் தொண்டை கிழியச் சொல்லியும் அந்த அம்மாவுக்கு வராத வித்தை அது.

வெகுநேரம் கழித்து, முகம் வெளுத்து, ஆனால் விவரிக்க முடியாத ஒரு லேசான உடம்போடு அவர் வெளியே வந்தார். தையல் மிஷின்களை நிறுத்திவிட்டுக் கடைப் பெண்கள் கைதட்டினார்கள். முதலாளியம்மா கார் ஓட்டி வந்ததற்குத்தான். பிரேக் சார் தனக்கென்று நினைத்துத் தலைகுனிந்தார்.

அதற்குள் பயிற்சிப் பள்ளி முதலாளியிடமிருந்து போன். "நம்ம வண்டி பங்க் பக்கம் ராக்கெட் மாதிரி போச்சாமே? பார்த்தவன் பேர்ப்பலகையைப் படிச்சுட்டு எனக்குப் போன் பண்றான். வண்டியை யாராவது திருடிட்டாங்களா?"

"இல்ல சார். நான்தான் உள்ள இருந்தேன்."

"உடம்பு சரியில்லைன்னா நாளைக்கு லீவு எடுத்துக்கோங்க" என்றார் முதலாளி. அவர் குரலில் பயம் இருந்தது.

சாயங்காலம் கீழ்வீட்டு அத்தையிடமிருந்து சின்னவனை வழக்கம்போல் அழைத்து வந்தார். அவருக்கு வேலையிருக்கும் பகலெல்லாம் பையன் அங்கேதான். வீட்டுக்கு வந்ததும் மறுபடி பிளாஸ்டிக் இருக்கை, மறுபடி முக்கல், மறுபடி கைதட்டல். ஒன்றும் இல்லை.

அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே அடிவயிற்றில் கலக்கம் வந்தது. இந்தமுறை அது பப்பாளியால் வந்ததில்லை. சாப்பிட்டுவிட்டான், சாப்பிட்டுவிட்டான் என்று தினமும் பொய். இந்தப் பிஞ்சு வயிற்றுக்குள் ஏதாவது அடைத்துக்கொண்டிருந்தால்? அக்கா வந்தாலும் வரட்டும். காலையில் முதல் வேலையாகப் பையனைத் தூக்கிக்கொண்டு வழக்கமான மருத்துவமனைக்கு ஓடினார்.

டாக்டர் புதியவர், இளைஞர். சின்னவனைப் படுக்கவைத்து வயிற்றை அமுக்கினார். அவன் கூச்சத்தில் நெளிந்து நெளிந்து சிரித்தான்.

"பஞ்சு மாதிரி இருக்கே. இவனுக்கா மலச்சிக்கல்?"

"அம்மா ஊருக்குப் போனதுலேருந்து போகவே இல்ல டாக்டர்."

டாக்டர் குனிந்தார். "குட்டி, நேத்துக் கக்கா போனியா?"

"போனேன்."

"எங்க?"

"அத்தை வீட்டுல. அங்க வாத்துப் பொம்மை இருக்கு."

"தினமும் அங்கதானா?"

"ம். வீட்டுல அப்பா பண்ணுவாங்க. நான் கைதட்டுவேன்."

டாக்டர் பிரேக் சாரைப் பார்த்தார். பிரேக் சார் சுவரில் தொங்கிய தடுப்பூசிப் படத்தைப் பார்த்தார். பிறகு பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார். நிம்மதி ஒரு பக்கம். இன்னொரு பக்கம் எரிச்சல். வாசலருகே சீட்டுக் கொடுக்கும் நர்ஸம்மாவிடம் பொருமித் தீர்த்தார்.

"பையன் நல்லாத்தான் இருக்கானாம். இது தெரியாம என் சம்சாரம் பேரிக்காயை வேகவை, திராட்சையை ஊறவை, கீரையை அரைன்னு நாலு நாளா என் உசிரை வாங்கிட்டா! இதெல்லாம் யார்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாங்களோ!"

நர்ஸம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்தது.

"நான்தான் சார். ‘வீட்டுக்காரருக்கு வருஷக்கணக்கா மலச்சிக்கல், பழத்தைக் கண்டா ஓடறார், டாக்டர்னா அதைவிட வேகமா ஓடறார்’னு அழுதாங்க. ‘குழந்தைக்குன்னு சொல்லிச் செய்ய வைங்கம்மா, மிச்சமெல்லாம் அவர் வாய்க்குத்தான் போகும்’னு சொல்லி அனுப்பினேன். இப்ப ஒழுங்காப் போகுதா சார்?"