வார்டு அண்ணனின் கிளை ஆஸ்பத்திரி

கெடா மாநிலம் முழுவதிலும் பைத்தியத்தை ஓர் உத்தியோகம் போல ஒழுங்காகப் பார்த்தவர் வார்டு அண்ணன் ஒருவர்தான். கரங்கான் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார். தீபாவளி நெருங்கினால் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி நின்று, யாருக்கும் தெரியாத யாரையோ பார்த்துப் பிரசங்கம் தொடங்கிவிடுவார். இரண்டாம் நாள் தானாகவே இறங்கி, துணிமணியை மூட்டை கட்டிக்கொண்டு தோட்டத்து மருந்தகத்தில் போய் நிற்பார்.

"சார், வந்துருச்சு. சீட்டு எழுதுங்க."

எங்கள் தோட்டத்தில் வைத்தியம் என்றால் டிரஸ்ஸர்தான். அவர் சீட்டு எழுதுவார். போலீஸ்காரர் ஒருவர் துணையோடு வார்டு அண்ணன் ரயிலேறி, பேராக்கில் இருந்த பெரிய மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போவார். உண்மையில் போலீஸ்காரருக்கு அவர்தான் துணை. "சார் புதுசு, எங்க எறங்கணும்னு தெரியாது" என்று பரிவோடு சொல்வார். பொங்கல் கழிந்து திரும்பும்போது சதை போட்டிருக்கும், கண்ணில் தெளிவு இருக்கும். அதன் பிறகு எதைச் சொன்னாலும் "எங்க வார்டுல அப்படி இல்ல" என்றுதான் ஆரம்பிப்பார். இப்படி வந்ததுதான் பெயர். அவருடைய சொந்தப் பெயர் தோட்டத்து ஆள் கணக்கில் இருந்தது. அதை எழுதிய கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, நான்தான். ஆனாலும் இப்போது நினைவில்லை.

ஜப்பான்காரன் வந்தான், வெள்ளைக்காரத் துரை ஓடினார். முதல் தீபாவளிக்கு வார்டு அண்ணனுக்கு ஒன்றும் வரவில்லை. "வெறும் மரவள்ளிக்கிழங்கைத் தின்னுட்டு அதுக்கெல்லாம் தெம்பு ஏது?" என்றார்.

அடுத்த வருடம் நடந்ததை எழுதக் கூசுகிறது. சயாமில் ரயில் ரோடு போட ஜப்பான்காரர்கள் ஆள் கேட்டார்கள். பட்டியல் எழுதியவன் நான். என் மச்சான் பெயரை விட்டுவிட்டேன். அதற்கு அடுத்த பெயரை எழுதினேன். அது மாரியம்மாவின் புருஷன் பெயர். அவர்மேல் எனக்கு விரோதம் ஒன்றுமில்லை. என் மச்சானுக்கு அடுத்த வரியில் இருந்தார், அவ்வளவுதான்.

பட்டியலில் இருந்தவர்களை ஏற்றிக்கொண்டு லாரி போன பிறகு மாரியம்மா பேசுவதை நிறுத்திவிட்டாள். காலையில் எழுந்ததும் செம்மண் ரோட்டில் லாரி போன திசையில் ஓடுவாள். மாமியார் வேறு வழி தெரியாமல் அவளை வீட்டுத் தூணில் கட்டிப் போட்டாள். முந்தைய காலமாயிருந்தால் டிரஸ்ஸர் சீட்டு எழுதி அனுப்பியிருப்பார். இப்போது அதற்கும் வழியில்லை. கெடாவை ஜப்பான்காரன் சயாம்காரனுக்குக் கொடுத்துவிட்டான். பேராக் போவதென்றால் எல்லை, பாஸ், துப்பாக்கி.

இந்தச் சேதி தெரியாமல் அந்தத் தீபாவளிக்கு வார்டு அண்ணன் மூட்டையோடு வந்து நின்றார்.

"சீட்டெல்லாம் செல்லாதுப்பா. பேராக் இப்ப வேற நாடு" என்றார் டிரஸ்ஸர்.

வார்டு அண்ணன் மூட்டையைக் கீழே வைத்தார். "அப்ப நான் எங்கதான் சார் பைத்தியமா இருக்கறது?"

"இங்கயே இரு."

"இங்க வார்டு இல்லையே."

ரப்பர் வாங்க ஆளில்லாமல், ஷீட்டுகளைப் புகை போடும் புகைக்கூடம் காலியாகக் கிடந்தது. டிரஸ்ஸர் ஏதோ ஒரு சலிப்பில் அதைக் காட்டினார். மறுநாளே வார்டு அண்ணன் அங்கே கிளை திறந்துவிட்டார். பெரிய ஆஸ்பத்திரியின் சட்டங்கள் அத்தனையும் அவருக்கு மனப்பாடம். விடிந்ததும் தகரம் அடிப்பார். குளியல், கஞ்சி, பிறகு வள்ளிக்கிழங்குக் கொடிக்குக் களை எடுப்பு, மத்தியானம் சும்மா உட்கார்ந்திருப்பது. பிரசங்கம் மாலை நாலு மணிக்கு மட்டும். டாக்டரும் அவரே, நோயாளியும் அவரே என்பதால் சில நாள் இருவருக்கும் வாக்குவாதம் வரும். பெரும்பாலும் டாக்டர்தான் தோற்பார்.

நாங்கள் சிரித்தோம். எல்லோரையும்விட அதிகம் சிரித்தவன் நான்.

ஒரு நாள் மாரியம்மா வீட்டு வாசலுக்கு அவர் ரவுண்ட்ஸ் வந்தார். கழுத்தில் ஒரு பப்பாளி இலைக்காம்பு. அதன் ஒரு முனையை அவள் முதுகில் வைத்து, மறுமுனையில் காதைக் கொடுத்தார். தொழிலாளர் வீட்டு வரிசையான லயமே வேடிக்கை பார்த்தது. அவர் நிமிர்ந்து மாமியாரிடம் சொன்னார்: "உள்ள ஆள் இருக்கு. கயித்த அவுத்து விடுங்கம்மா."

"ஓடிருவாளேப்பா."

"ஓடட்டும். நானும் கூட ஓடறேன்."

ஓடினார். ஐந்தாறு நாள் காலையில் அவள் முன்னால், அவர் பப்பாளிக் காம்போடு பின்னால். ஏழாம் நாள் அவர் மூச்சிரைத்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டார். அவள் திரும்பிப் பார்த்தாள், நின்றாள், வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்று முதல் புகைக்கூடத்தில் அவளும் களை எடுத்தாள்.

எனக்கு என்ன ஆயிற்று என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மாதங்களில் எனக்குத் தூக்கம் போயிற்று. பேனாவை எடுத்தால் மூடியைக் கழற்றாமலே வைத்துவிடுவேன். யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காதைப் பொத்திக்கொள்வேன். ஒரு நாள் ஆபீசில் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டேன். டிரஸ்ஸர்தான் வெளியே இழுத்தார். "என்கிட்ட மருந்து இல்ல. புகைக்கூடத்துக்குப் போங்க" என்றார். குலிம் டவுனில் வேலை என்று மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு, ஆற்றோரமாகச் சுற்றிக்கொண்டு போனேன்.

"வாங்க. பேரு?" என்றார் வார்டு அண்ணன்.

"என்ன அண்ணே, என்னைத் தெரியாதா?"

"தெரியும். ஆனா கேக்கணும்லா. இது ஆஸ்பத்திரி."

என் நெஞ்சிலும் காம்பை வைத்துக் கேட்டார். மாரியம்மா பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்து, கைக்கு வந்ததைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அவள் முதன்முதலாக வாய் திறந்தது என்னிடம்தான்.

"கொடியப் புடுங்கறீங்க. களை இந்தப் பக்கம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வார்டு அண்ணன் ஓடி வந்து, "நல்லது, நல்லது, ரெண்டு பேருக்கும் ஒரே நாள்ல" என்று தகரத்தை ஓங்கி அடித்தார்.

பட்டியலைப் பற்றி அவரிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. கேட்டுவிட்டுச் சொன்னார்: "முழுசையும் நீங்களே தூக்கிட்டா ஜப்பான்காரனுக்குத் தூக்க ஒண்ணும் இருக்காதே. உங்க பங்கை மட்டும் தூக்குங்க. அதுவே கனம்தான்." அன்று மத்தியானம் புகைக்கூடத்துத் தரையில் படுத்துத் தூங்கினேன். மாரியம்மாவிடம் மட்டும் நான் சொல்லவே இல்லை. கடைசி வரை சொல்லவில்லை.

சண்டை முடிந்தது. மாரியம்மாவின் புருஷன் திரும்பவில்லை. வெள்ளைக்காரர்கள் திரும்பினார்கள். புகைக்கூடம் மறுபடி ரப்பருக்கு வேண்டும் என்றார்கள். புது வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் பார்வையிட வந்தார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தேன். அவர் நல்ல மனிதர். சிரிக்காமல் கேட்டார்: "இவரிடம் குணமானவர்கள் யாராவது உண்டா? இருந்தால் இவரைத் தோட்டத்து மருந்தகத்திலேயே உதவியாளாக வைத்துக்கொள்ளலாம்."

தமிழில் கேட்டேன். லயத்து ஆட்களில் இன்னும் சிலரும் என்னைப் போல ரகசியமாக அங்கே போய்வந்தவர்கள்தான். எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். புகைக்கூடத்துக்குப் போனவன் என்று பெயர் வந்தால் பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது. எனக்குத் தலைமைக் கிராணி வேலை வரவிருந்தது. நானும் தரையைப் பார்த்தேன்.

"இங்க யாரெல்லாம் இருந்தாங்கன்னு சொல்லுங்களேன்" என்று வார்டு அண்ணனிடமே கேட்டேன். அவர் என்னைப் பார்த்து மறுப்பாகத் தலையாட்டினார். "நோயாளி பேரை வெளிய சொல்லக் கூடாதுங்க ஐயா."

மாரியம்மா மட்டும் முன்னால் வந்தாள். "நான் இங்க வந்துதான் எந்திரிச்சேன். இவர்தான் என்னை மனுஷியாக்குனாரு."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இவளும் ஒரு மனநோயாளிதானாம்."

டாக்டர் தலையசைத்துவிட்டுக் குறித்துக்கொண்டார். வார்டு அண்ணனைப் பேராக் ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். ரயிலேறும்போது அவர் முகத்தில் வருத்தமே இல்லை. "ரயில் லைன் திறந்துட்டாங்க போல" என்று போலீஸ்காரரின் தோளைத் தட்டினார்.

அந்தப் பொங்கலுக்கு அவர் திரும்பி வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. மூன்றாம் வருடம் நானே ஆஸ்பத்திரிக்குப் போனேன். நரைத்திருந்தார். எனக்குத் தன் ரொட்டியில் பாதியைத் தந்தார். தோட்டத்தில் யார் யார் எப்படி என்று விசாரித்தார்.

"அண்ணே, அன்னைக்கு டாக்டர்கிட்ட நான் சரியாச் சொல்லல."

"தெரியும். வருஷா வருஷம் வெள்ளைக்கார டாக்டருங்க கூடத்தானே இருந்தேன். எனக்கும் கொஞ்சம் இங்கிலீஷ் புரியும்."

ரொட்டியைக் கீழே வைத்தேன். "அப்ப ஏன் பேசாம இருந்தீங்க?"

"நீங்க பயந்து போயிருந்தீங்க. பயந்தவங்ககிட்ட சத்தம் போடக் கூடாது. ஆஸ்பத்திரி சட்டம்."

கிளம்பும்போது வாயில் காவலர் ஒரு பதிவேட்டை நீட்டினார். பெயர், ஊர் எழுதினேன். உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் 'தம்பி' என்று எழுதினேன். இந்தக் கையால் எவ்வளவோ எழுதியிருக்கிறேன். வெட்கப்படாமல் சொல்லிக்கொள்ள எனக்கு அந்த ஒரு சொல்தான் இருக்கிறது.