எதிர்மனுதாரர் அக்காவுக்கு

அன்புள்ள ரோஷெல் அக்காவுக்கு,

தம்பி லேலண்ட் எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டில் இருக்கும் என் மகள் டெல்லாவும் நலமாக இருக்க வேண்டும். மாமாவின் முழங்கால் தேவலையா? இந்நேரம் ஒரு தடித்த உறை உனக்கு வந்திருக்கும். பதறாதே. உன்மேல் ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போட்டது நான்தான்.

கோபப்படாமல் முழுவதும் படி. ஜனவரியில் என் வீட்டு ஹீட்டர் செத்துப்போய், நான் இறைச்சி ஆலைக்கு வேலைக்குப் போயிருந்தபோது, ஏழு வயதுப் பிள்ளை தனியாக ஓவன் அடுப்பின் கதவைத் திறந்துவைத்துக் குளிர்காய, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி, மாநில அதிகாரிகள் வந்து அவளை எடுத்துக்கொண்டு, சொந்தக்காரி என்று உன்னிடமே கொடுத்தது உனக்குத் தெரியும். மாநிலத்தின் கவுண்டி கோர்ட்டில் நாலு மாதமாக வாய்தா. ஆலையில் கூட வேலை செய்யும் கஸ் சொன்னான்: "மாநிலம் புடிச்சு வச்சதுக்கு மாநில கோர்ட்டுலயே போய் நிப்பியா? மேல போடா. ஆளை அடைச்சு வச்சிருக்காங்கன்னு ஃபெடரல்ல மனு போடு. கொண்டாந்து நிறுத்தித்தான் ஆகணும்."

போட்டேன். 'அடைத்து வைத்திருப்பவர் பெயர்' என்று படிவத்தில் கேட்டிருந்தது. பொய் எழுதினால் சிறை என்று கீழேயே போட்டிருந்ததால் உன் பெயரை எழுதினேன். எந்த நிலையில் வைத்திருக்கிறார் என்ற கேள்விக்கு, மூன்று வேளைச் சாப்பாடு, வெள்ளிக்கிழமை பழம் வைத்த கொலாச்சி ரொட்டி, தனி அறை, ஒரு நாய் என்று எழுதினேன். வேற என்னத்த எழுதுறது? மனுவை வாங்கிய குமாஸ்தா அம்மா படித்துவிட்டு, "இந்த ஜெயில்ல இன்னொரு எடம் இருக்குமா சார்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன சனிக்கிழமை கவுண்டி அலுவலகத்தில் டெல்லாவைப் பார்க்க ஒரு மணி நேரம் கொடுத்தார்கள். "அத்தை வீடு சூடா இருக்குப்பா. நம்ம வீடும் சூடானா சொல்லுங்க, வந்துடறேன்" என்றாள். புது ஹீட்டர் மாட்டி மூணு வாரமாச்சுக்கா. அதை அவகிட்ட சொன்னேன், சொல்லிட்டு கார்ல வந்து உக்காந்து அழுதேன்.

வழக்கில் நீ தோற்றால் மனசு கஷ்டப்படாதே. மாமாவுக்கு என் வணக்கம், டெல்லாவுக்கு முத்தம்.

உன் தம்பி,
மனுதாரர் லேலண்ட்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தபால் வந்துவிட்டது. மனு தள்ளுபடி. இதெல்லாம் மாநிலக் கோர்ட் பார்க்க வேண்டியது, அத்தை வீடு சிறை ஆகாது என்று இரண்டே பக்கத்தில் முடித்துவிட்டார் நீதிபதி. வரும் செவ்வாய் கவுண்டி கோர்ட்டில் விசாரணை. என்னைப் பற்றித் தெரிந்த ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டுமாம். யோசித்துப் பார்த்தால் உன்னைத் தவிர எனக்கு யாருமில்லை. ஹீட்டர் நின்ன அன்னிக்கே உனக்கு ஒரு போன் போட்டிருந்தா இந்தக் கோர்ட்டும் வேண்டாம், அந்தக் கோர்ட்டும் வேண்டாம். வெக்கமா இருந்துச்சு. இப்பக் கேக்கறேன், வாக்கா. இப்பவாவது கேட்டேன்னு அதையும் கோர்ட்ல சேர்த்தே சொல்லு.