நாச்சிமுத்து வண்டிக்குச் சிப் வைத்த கதை

ஒரு காட்டில், தார் ரோடும் அதன் நடுவே வெள்ளைக்கோடும் வந்து சேர்ந்த பிறகு, நாச்சிமுத்து என்றோர் உடும்பு இருந்தது. அதனிடம் ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட்டு, துணிக்கூரை. சிறுத்தை ஓட்டிச் சலித்து, காட்டெருமை வாங்கி உள்ளே உட்கார முடியாமல் தவித்து, கடைசியில் உடும்பிடம் வந்து சேர்ந்த வண்டி. வயது இருபத்திரண்டு மழைக்காலம்.

நாச்சிமுத்துவுக்கு அந்த வண்டிதான் உயிர். உடும்புக்குக் குளிர்ந்த ரத்தம். காலையில் கை கால் லேசில் எழும்பாது. எப்படியோ ஊர்ந்து போய்ச் சாவியைத் திருகி, என்ஜினைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, சூடேறிய பானெட்டின்மேல் குப்புறப் படுத்தால்தான் அதற்குப் பொழுது விடியும். பாறையில் படுத்து வெயிலுக்குக் காத்திருக்கும் சொந்தக்காரர்களைப் பார்த்தால் அதற்குப் பாவமாக இருக்கும்.

குறை ஒன்றே ஒன்றுதான். காட்டின் நடுவே மூங்கில்பள்ளம் ஏற்றம் வரும்போது வண்டி இருமும். அந்த நேரம் பார்த்து, கீரி ஆறுச்சாமி தன் புது ஸ்கூட்டரில் முந்திக்கொண்டு போகும். போனாலும் பரவாயில்லை. வேகத்தைக் குறைத்துப் பக்கத்தில் வந்து, "என்னுங் மாமா, எறங்கித் தள்ளட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகும். நாச்சிமுத்துவுக்கு இரவில் சாப்பாடு இறங்கவில்லை.

நேரே மெக்கானிக் நரி ரங்கராஜிடம் போனது.

"வண்டியோட கம்ப்யூட்டருக்குள்ள ஒரு சிப்பு இருக்குதுங்ணா," என்றது ரங்கராஜ். "பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்பன்னு சொல்றதெல்லாம் அதுதான். கம்பெனிக்காரன் பயந்தாங்கொள்ளி, அடக்கி வெச்சிருக்கறான். அதைப் புடுங்கிட்டு நம்ம சிப்ப சொருகிட்டா, ஏத்தம் எங்க இருக்குதுன்னு நீங்க தேடோணும்."

"சூடு நல்லா வருமா?"

"முட்டை பொரிக்கலாமுங்ணா."

முட்டை என்றதும் நாச்சிமுத்து சம்மதித்துவிட்டது. தூசு ஆகாது, உள்ளே வரக்கூடாது என்று சொல்லி நரி அதை டீக்கடைக்கு அனுப்பியது. பாதி டீயில் பட்டறைக்குள்ளிருந்து 'பட்' என்று ஒரு சின்னச் சத்தம். பின்னாலேயே ரோமம் கருகும் வாசனை. ஒரு மணி நேரம் கழித்து ரங்கராஜ் வெளியே வந்தபோது அதன் வால் நுனி கறுத்திருந்தது.

"வேலைன்னா அப்படித்தானுங்ணா," என்றது. "ஏர் ஃபில்டரையும் ஊதி, பிளக்கையும் தேச்சு உட்டிருக்கறன். அது இனாம்."

ஃபில்டருக்குள் நாலு வருஷத்துத் தூசும், ஒரு தேன்சிட்டின் கூடும் இருந்தன என்பதை அது சொல்லவில்லை. நம் நாச்சிமுத்துவும் கேட்கவில்லை.

மறுநாள் மூங்கில்பள்ளம் ஏற்றத்தில் வண்டி இருமவில்லை. ஆறுச்சாமியைத் தாண்டிப் போனது. நாச்சிமுத்து திரும்பிப் பார்த்து, "தள்ளட்டுமா மாப்ளே?" என்று கேட்டது. அன்று அதற்கு இருந்த சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட இருந்ததில்லை.

அதோடு விட்டிருக்கலாம். சந்தோஷம் வந்தவர்கள் எங்கே விடுகிறார்கள்? மரங்கொத்தியிடம் சொல்லி, வண்டியின் பின்னால் 'இது சிப் வைத்த வண்டி, தள்ளி நில்' என்று எழுத வைத்தது. ஒரு மாதம் டீக்கடையில் சிப்பைப் பற்றித்தான் பேச்சு. எதிரே வருகிறவர்கள் ரோட்டைக் கடந்து மறுபக்கம் நடக்க ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் எஃப்.சி. வந்தது. பதினைந்து மழைக்காலம் தாண்டிய வண்டிகள் வருஷா வருஷம் வாகன ஆய்வாளரிடம் காட்டித் தகுதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஆய்வாளர் மரகதம் அம்மையார் ஒரு யானை. அதிகாரி என்பதால் கதையிலும் மரியாதை. மைதானத்து வாசலில் பெரிய போர்டு: 'கம்ப்யூட்டர் மூளையில் கை வைத்த வண்டிகள் பறிமுதல் செய்யப்படும்.' நாச்சிமுத்து அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத்தான் வரிசையில் நின்றது. பின்னால் எழுதியிருந்ததை அழிக்க வேண்டும் என்று மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

அம்மையார் அதைப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். பிறகு தும்பிக்கையை டாஷ்போர்டுக்குக் கீழே விட்டுக் கம்ப்யூட்டர் பெட்டியை இழுத்துத் திறந்தார். நாளைக் காலை பானெட் இல்லை என்று நினைத்தபோதே நாச்சிமுத்துவுக்குக் கால் நான்கும் விறைத்தன.

பெட்டிக்குள் கம்பெனி வைத்த பழைய சிப் அப்படியே இருந்தது. அதன் பக்கத்தில், வேப்பம்பிசின் வைத்து ஒட்டிய ஒரு புளியங்கொட்டை இருந்தது.

எஃப்.சி. மைதானத்தில் மெக்கானிக்குகளுக்கா பஞ்சம்? அங்கேயே நின்றிருந்த ரங்கராஜை அம்மையார் ஒரு பார்வை பார்த்தார். நரி கைகட்டி வந்தது.

"உண்மையச் சொல்லிடறனுங் மேடம். பனிக்காலத்துல என்ற ரோமத்துல கரண்டு நிக்குமுங்க. வாலு பட்டுப் புதுச் சிப்பு பொசுங்கிப் போச்சு. பழசையே திரும்பச் சொருகிட்டேன். அண்ணன் அவ்வளவு ஆசையா வந்தாரு, சும்மா மூட மனசு வல்லீங்க. கீழ கெடந்த கொட்டைய ஒட்டி உட்டேன்."

அம்மையார் முகம் மலர்ந்தது. "தப்பிச்சீங்க நாச்சிமுத்து. சிப்பு இல்லாட்டி குத்தமும் இல்ல. 'இது புளியங்கொட்டை, நான் ஏமாந்துட்டேன்'னு ஒரு வரி எழுதிக் கையெழுத்து போடுங்க. சர்டிபிகேட்ட இப்பவே தர்றேன்."

பேனாவும் கொடுத்தார். நாச்சிமுத்து வாங்கியது. 'இது பு' என்று எழுதியும் விட்டது.

"கொட்டைங்களா மாமா?"

வரிசையில் அடுத்து நின்ற ஆறுச்சாமி, செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

நாச்சிமுத்து வண்டியைப் பார்த்தது. செல்போனைப் பார்த்தது. உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது என்பார்கள். எதைப் பிடிப்பது என்று யோசிக்கும் என்று யாரும் சொன்னதில்லை. 'பு'வை அடித்தது. 'சி' என்று எழுதியது.

"இது சிப்புதானுங் மேடம்."

"கொட்டைங்க இது. புளி வாசனை வருது."

"பாத்தா அப்படித்தானுங் தெரியும். புது மாடலு."

நரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதன் வாழ்நாளில் அது உண்மை பேசியதே இந்த ஒரு தடவைதான். "அண்ணா, சத்தியமா கொட்டைதானுங்ணா. நாந்தான் உங்கள ஏமாத்துனேன்."

"நீ ஏமாத்துனா நான் ஏமாறோணுமா? ஏத்தத்துல ஓட்டுனது நானு. எனக்குத் தெரியும், நீ சும்மா இரு."

அம்மையார் பெருமூச்சு விட்டார். மேஜையிலிருந்த படிவங்கள் எல்லாம் பறந்தன. பறந்ததைப் பொறுக்கி எடுத்து, 'சிப்: உண்டு' என்ற கட்டத்தில் டிக் அடித்து, முத்திரை குத்தி, சிவப்பு வண்டியின் சக்கரத்துக்குச் சங்கிலி போட்டார்.

ஆறுச்சாமி செல்போனைக் கீழே இறக்கியது. அதன் சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. அரசாங்க முத்திரையே குத்தியாகிவிட்டதே. மறுநாள் விடியுமுன் ரங்கராஜின் பட்டறை வாசலில், அதே சிப் வைக்க, ஸ்கூட்டரோடு முதல் ஆளாக நின்றது. அதன் பின்னால் பதினோரு வண்டிகள் வரிசை கட்டின.

நாச்சிமுத்து பாறையில் படுத்துக்கொண்டது. வெயில் ஏறுவதற்குள் பத்து மணி ஆகிவிட்டது. முகத்தை யாருக்கும் காட்டாமல் அழுதது.

மழை வந்தது. பறிமுதல் மைதானத்தில் நின்ற வண்டியின் துணிக்கூரை கிழிந்தது. அம்மையார் மூடாமல் வைத்த பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியது. தை மாதம் நாச்சிமுத்து எட்டிப் பார்த்தபோது, ஸ்டியரிங்கைத் தாண்டி ஒரு முழ உயரத்துக்குப் புளியங்கன்று எழும்பி நின்றது. நாச்சிமுத்து நேரே போய் ஆறுச்சாமியைக் கூட்டி வந்தது.

"பாத்தியா மாப்ளே? நின்ன எடத்துலயே இவ்வளவு பெர்ஃபார்மன்ஸ்."

"ஆமாங் மாமா," என்றது ஆறுச்சாமி, பயபக்தியோடு. "என்ற சிப்பு இன்னும் மொளைக்கவே இல்லீங்க."

நீதி: ஏமாந்தேன் என்று எழுதிக் கொடுக்காதவரை எவரும் ஏமாறுவதில்லை. என்ன, வீட்டுக்கு நடந்து போக வேண்டியிருக்கும்.