முந்தின வாரத்துப் போரும் மமதா வீட்டு டப்பாவும்

தொம்மலூர், பெங்களூரு

அன்பும் பண்பும் அரசியல் ஞானமும் ஒருங்கே வாய்த்த மைத்துனன் அமலுக்கு,

அத்தான் தியோடர் ஆசீர் கூறி எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நானும் உன் அக்கா ஜோசஃபினும் இங்கே நலம். அங்கே நீயும் ஸ்னேஹாவும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டிக்கொள்கிறோம். நலம் என்று எழுதினாலும் நடுவில் சில நாள் எனக்கு வீட்டில் காப்பி கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் சர்வதேச அரசியல். நீ கல்லூரியில் நடத்துகிற பாடமே அதுதான் என்பதால், மற்ற உறவினர்களை விட்டுவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

பொன்மலைப் பணிமனையில் ஓய்வு பெற்று, மகன் நீலோடு இருக்கலாம் என்று இங்கே வந்த என்னை அபார்ட்மென்ட் சங்கத்தின் வெளியுறவுச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். என்ன தகுதி என்று கேட்பாய். அந்தக் கூட்டத்துக்கு நான் போகவில்லை, அதுதான் தகுதி. வராதவன் தலையில் கட்டுவது இங்கே மரபு. எங்களுக்கும் பக்கத்து அபார்ட்மென்டுக்கும் நடுவே ஒரு சுவர், சுவரில் ஒரு சின்ன இரும்புக் கேட். வெளியுறவு என்றால் அந்தக் கேட்தான். சின்ன விஷயம் என்று நினைக்காதே. வந்த புதிதில் உன் அக்கா, பேச ஒரு நாதி இல்லை என்று ஜன்னலோரமே கிடந்தாள். அப்புறம் அந்தக் கேட் வழியாக மமதா வந்தாள். அவள் பக்கத்து சங்கத் தலைவர் கோவிந்தப்பாவின் மனைவி. அவளுக்குத் தமிழ் வராது, இவளுக்கு அப்போது கன்னடம் வராது, ஆனாலும் இரண்டு கட்டடத்து வம்பும் ஒன்று விடாமல் பரிமாறிக்கொண்டார்கள். இந்த ஊருக்கு வந்தபின் உன் அக்கா சிரித்து நான் முதலில் பார்த்தது அந்தக் கேட்டருகில்தான்.

அதற்குத்தான் ஆபத்து வந்தது. எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்த டேங்கரின் குழாய் ஒழுகி, கேட்டுக்கு அடியில் ஓடி, கோவிந்தப்பா அப்போதுதான் கழுவி நிறுத்திய காரைச் சுற்றிச் சேறாக்கிவிட்டது. வேறு மாதமாக இருந்தால் 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி', கொஞ்சம் அனுசரித்துக்கொள்ளுங்கள் என்பதோடு முடிந்திருக்கும். ஆனால் இரண்டு சங்கத்துக்கும் தேர்தல் நெருங்கிவிட்டது. எங்கள் தலைவர் ஜாய்சன் தங்கமானவர், கொசுவுக்கும் வழிவிட்டு ஒதுங்குவார். அவருக்கு எதிராக நிற்பவர்களோ, கேட்டைத் திறந்துபோட்டு நாட்டை விற்றவர் என்று வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் கோவிந்தப்பாவுக்கும் இதே கதி. சமாதானம் பேசலாமா என்று தூது போய்வர என்னை அனுப்பினார்கள்.

போனேன். 'ஊட்ட ஆய்தா?' என்று அன்பாகத்தான் கேட்டார். சாப்பிட்டாயிற்று என்றேன். கேட் விஷயத்தை எடுத்ததும், 'முந்தின வார மீட்டிங்' என்றார், கும்பிட்டார், கதவைச் சாத்தினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முந்தின வாரமே மீட்டிங் முடிந்துவிட்டதாமே, நம்மைக் கூப்பிடாமலே முடிவெடுத்துவிட்டார்களே! ஓடிவந்து ஜாய்சனிடம், போன வாரமே ரகசியக் கூட்டம் நடந்துவிட்டது என்றேன். கோவிந்தப்பா சொன்ன சொல்லை அப்படியே ஒப்பித்திருந்தால், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த ஜாய்சன் விளங்கிக்கொண்டிருப்பார். நான் மெனக்கெட்டு மொழிபெயர்த்தேன். ஜாய்சன் நெற்றியில் கைவைத்து, "அங்கிள், இனிமே சும்மா இருந்தா நம்ம ஆளுங்களே என்னை விடமாட்டாங்க" என்றார்.

அன்று மாலையே கேட்டுக்குப் பூட்டுப் போட்டோம். அவர்கள் அதைவிடப் பெரிய பூட்டாக இன்னொன்று போட்டார்கள். நாங்கள் கேமரா வைத்தோம். உள்ளே ஒன்றும் கிடையாது, வெறும் கூடு. அவர்கள் எங்கள் கேமராவைப் பார்த்து ஒரு கேமரா வைத்தார்கள். நாங்கள் காவலாளிக்கு விசில் கொடுத்தோம். அவர்கள் காவலாளிக்கு இரண்டு விசில் கொடுத்தார்கள், ஒன்று ரிப்பேரானால் வேண்டுமாம். அவர்கள் ஆள் எங்கள் முன்வாசலில் நுழையக்கூடாது, எங்கள் ஆள் அவர்கள் முன்வாசலில் நுழையக்கூடாது என்று இரண்டு பக்கமும் தடை வேறு.

இவ்வளவுக்கும் நடுவில், பூட்டு விழுவதற்கு முன் மமதா ஹோளிகே வைத்துக் கொடுத்தனுப்பிய எவர்சில்வர் டப்பா எங்கள் அடுப்படியில் மாட்டிக்கொண்டது. ஹோளிகே என்றால் நம் ஊர்ப் போளிதான். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று உன் அக்கா அச்சுமுறுக்குச் சுட்டு நிரப்பி வைத்துக்கொண்டு, போக வழியில்லாமல் குட்டிபோட்ட பூனை மாதிரி சுற்றிச்சுற்றி வந்தாள். காவலாளி கையில் கொடுத்தனுப்பலாமே என்றேன். முறைத்தாள். "கேட்டு தொறக்குற அன்னைக்குத்தாங்க உங்களுக்குக் காப்பி" என்றாள். நீயோ உன் மகள் ஞானஸ்நான விருந்தில் வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே என்ன சொன்னாய்? நாடுகள் பலத்தையும் லாபத்தையும் எடைபோட்டுத்தான் நடக்கும், உள்ளே நடக்கிற சண்டைக்கும் வெளியுறவுக்கும் சம்பந்தமில்லை என்றாய். உள்நாட்டு அரசியலைக் கூட விடு தம்பி, உள்வீட்டு அரசியல் என்று ஒன்று இருக்கிறதே, அதை உன் சிலபஸில் யார் எடுத்தது?

காப்பி இல்லாத நாக்கோடு நானே அலைந்து பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்தேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அந்தப் பக்கம் ஒன்று. பால்கனிகளில் இரண்டு நாட்டு மக்களும் கூடிவிட்டார்கள். எங்களைக் கேட்காமல் ரகசியக் கூட்டம் போட்டீர்களே என்று ஜாய்சன் கேட்க, கோவிந்தப்பா முழித்தார். முந்தின வாரம் மீட்டிங் என்றுதானே உங்கள் ஆளிடம் சொன்னேன், அதற்குள் ஏன் பூட்டினீர்கள் என்றார். பக்கத்தில் நின்ற உன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ, கன்னடத்துல முந்தினன்னா அடுத்ததுங்க. நமக்குத்தான் அது போனது" என்றாள். நான் சுவரில் காரை பெயர்ந்த இடத்தை மும்முரமாக ஆராய்ந்தேன்.

உண்மை தெரிந்துவிட்டதே, பூட்டைத் திறந்திருக்க வேண்டாமா? அதுதான் இல்லை. இரண்டு தலைவரும் ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை, அண்ணாந்து பால்கனியைத்தான் பார்த்தார்கள். முதலில் திறப்பவன் தேர்தலில் காலி. அந்த நேரத்தில் உன் அக்கா விறுவிறுவென்று போய் டப்பாவோடு வந்தாள். அந்தப் பக்கம் மமதா கையை நீட்டினாள். டப்பா கம்பிக்குள் நுழையவில்லை. ஜாய்சன், பாவம், நல்லெண்ணத்தில், முறுக்கை மட்டும் கம்பி வழியாகக் கொடுத்துவிட்டு டப்பாவை அப்புறம் காலியாக அனுப்பலாம் என்று சொல்லிவிட்டார். மேலே இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்த சத்தம் கேட்டது. "காலி டப்பி கொடபாரது" என்றாள் மமதா, காலி டப்பா கொடுக்கக்கூடாதாம். எங்கள் ஆட்கள்தான் அதற்கு முதலில் கைதட்டினார்கள்.

அவ்வளவுதான். பாத்திரம் போவதற்கு மட்டும் திறக்கிறோம், கொள்கையில் மாற்றமில்லை என்று இரண்டு தலைவரும் அறிவித்து, இரண்டு பூட்டையும் ஒரே சமயத்தில் திறந்தார்கள். டப்பா போனது. உடனே மமதா, உன் அக்காவை வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன் என்று வேறொரு டப்பாவில் கோடுபளே என்கிற வளைய முறுக்கைப் போட்டுத் தந்தாள். அது திரும்பிப் போகிறவரை எங்களால் பூட்ட முடியாது. போனால் அங்கிருந்து ஒன்று வரும். இப்படியே எப்போதும் ஒரு டப்பா பாக்கி நிற்கும், ஆகவே கேட் திறந்தே கிடக்கிறது. எங்கள் குழுவில் நாங்கள் ஜெயித்தோம், அவர்கள் குழுவில் அவர்கள் ஜெயித்தார்கள். மறுநாள் காலை எனக்குக் காப்பி வந்தது, டிகாஷன் கொஞ்சம் தூக்கலாகவே. இதை உன் மாணவர்களுக்குத் தவறாமல் சொல். நாட்டுக்குப் படையும் பணமும் இருக்கட்டும், ஊர் வழக்கம் என்று ஒன்று நிலைத்துவிட்டால் பூட்டு தானாகத் திறக்கும்.

ஸ்னேஹாவுக்கு எங்கள் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தங்கள். மாதா உங்கள் வீட்டு வாசலையும் எங்கள் கேட்டையும் காப்பாராக.

இப்படிக்கு,
வெளியுறவு பார்க்கும் உன் அத்தான்,
தியோடர்

பி.கு.: இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப்போடு. டப்பா கைமாறிய போட்டோவை இரண்டு குழுவிலும் போட்டிருந்தார்கள். இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். டப்பாவின் அடியில் புள்ளி புள்ளியாய், 'அ. ஸ்னேஹா' என்று பேர் வெட்டியிருக்கிறது. கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டிலிருந்து அதிரசம் கொண்டுவந்தோமே, அதே டப்பா. உன் அக்கா அதை முதலில் மமதாவுக்கு அனுப்பி, அது ஹோளிகேயோடு திரும்பி வந்தபோது மமதா வீட்டுச் சாமான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. இவளுக்கு இன்னும் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. இது வெளியே வந்தால் யார் டப்பா யாருக்குப் பாக்கி என்று மறுபடி பூட்டு விழும், என் காப்பியும் போகும். ஆகவே ஸ்னேஹா டப்பாவைக் கேட்டால், முந்தின வாரம் வந்துவிடும் என்று சொல்லி வை.