திருப்பித் திட்ட ஆளில்லாத மூன்றாவது மாடி

திண்டிவனத்தில் எங்கள் தெருவில் பேஜார் கண்டக்டரிடம் திட்டு வாங்காதவர் எவருமில்லை. தெருநாய்கள்கூட அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடும். ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். மனைவி போய்ப் பல வருஷம். காலை ஆறரைக்கு டீக்கடைக்கு வந்தாரென்றால் பத்து மணி வரை சண்டைதான்.

முக்கால்வாசிச் சண்டை டைலர் பாயோடு. பாய்க்கும் எழுபது தாண்டிவிட்டது.

"என்னா பாய், நேத்து நடக்க வரல? வீட்லயே குந்திக்கினு மூட்டை மாரி ஆயிட்ட!"

"உன் மூஞ்சியப் பாத்தா பிரஷர் ஏறுதுய்யா, அதான் வரல."

"ஏறட்டும். மாத்திரை போட்டியா, அதச் சொல்லு."

ஒரு நாள் பாய் தைத்த சட்டையைக் கேவலமாகப் பேசினார். பாயிடமிருந்து பதில் இல்லை. இன்னும் கேவலமாகப் பேசிப் பார்த்தார். பாய் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சார், ஜல்தியா ஒரு ஆட்டோ புடிங்க. இந்தாளு திருப்பித் திட்டல. ஒடம்புக்கு என்னமோ ஆயிப்போச்சு."

மாரடைப்பு. முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரி வரை கொண்டுபோய்ப் பாயைப் பிழைக்கவைத்தார்கள். அவர் கண் விழித்ததும் கண்டக்டர் சொன்ன முதல் வார்த்தை: "காலர் சரியில்லன்னா, அதுக்கு நெஞ்சப் புடிச்சிக்குவியா?"

போன வருஷம் கண்டக்டர் குளியலறையில் வழுக்கி விழுந்தார். மகன் விழுப்புரத்திலுள்ள தன் அடுக்குமாடி வீட்டுக்கு, மூன்றாவது மாடிக்கு, அழைத்துக்கொண்டு போனார். நல்ல பிள்ளைதான். தனி அறை, டிவி, வேளாவேளைக்குச் சாப்பாடு. ஆனால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் காலையில் கதவைப் பூட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள்.

நான்கு மாதம் கழித்து நானும் பாயும் போனோம்.

"மாமா சாப்பிடவே மாட்டேங்கிறாருங்க. டெஸ்ட்டுல ஒண்ணுமில்லன்னு சொல்றாங்க" என்றாள் மருமகள்.

ஆள் பாதியாகியிருந்தார். "வாங்க பாய். நல்லா இருக்கீங்களா?" என்றார்.

'ங்க' போட்டுப் பேசுகிறார்! பாயின் முகம் வெளுத்துப்போனது. ஒரு நிமிஷம் தவித்தவர், திடீரென்று கத்தினார்: "யோவ் கண்டக்டரு! யாரக் கேட்டுக்கினுய்யா நீ இப்டி எளச்சிப் போன?"

கண்டக்டர் மெல்ல நிமிர்ந்தார். பாயை மேலும் கீழும் பார்த்தார். "சட்டை நீயே தச்சதா? ஒரு கை நீளமா, ஒரு கை குட்டையா, கண்றாவி..."

அரை மணி நேரம் சண்டை நடந்தது. என்னவோ ஏதோவென்று ஓடிவந்த மருமகளிடம், "சோறு போடும்மா" என்றார். ரசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கினார். அந்தப் பெண் சமையலறைக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிளம்பும்போது கண்டக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "வர்ற வியாழக்கெழம வருவீங்களா?"

"கண்டிப்பா வர்றோம்ண்ணே."

அந்த வியாழன் எனக்கு ஆபீசில் வேலை. அடுத்த வியாழன் மழை. பாயால் தனியாகப் பஸ் ஏற முடியாது. மூன்றாவது வாரம் மகனின் போன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டாராம். இரண்டு வியாழக்கிழமையும் காலையிலேயே ஷேவ் செய்துகொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார் என்று மருமகள் சொன்னாள்.

விழுப்புரம் என்ன, ஒரு மணி நேரப் பயணம். மழையில் நனைந்துகொண்டாவது வந்திருக்கலாம், அண்ணே.